சத்திய வழிப்போக்கர் சோஜர்னர் ட்ரூத் அம்மையார்

சமய நம்பிக்கை சிலருக்குப் பூட்டிய பேழையாக இருக்கிறது. முன்னோர் தந்ததைத் திறந்து பாராமலேயே காத்து, அப்படியே தம் மக்களிடம் ஒப்படைத்துச் செல்கின்றனர். வேறு சிலருக்கோ அது காற்றிலாடும் நாணலாக இருக்கிறது. புதிதாக வருபவர் எதைச் சொன்னாலும் அதன் பக்கம் சாய்ந்துவிடுகின்றனர். இவ்விரு நிலைகளும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கேடு விளைவிப்பனவே. முன்னது, பிறர் பூட்டிய விலங்கையும் கடவுளின் கட்டளையென்று நம்பச் செய்யும். பின்னது, போலி ஆசான்களின் காலடியில் கொண்டு சேர்க்கும். இவ்விரண்டையும் தம் வாழ்விலேயே பட்டறிந்து, இரண்டையும் கடந்து, ஆண்டவர் இன்னும் புதிதாகப் பேசக்கூடும் என்ற எதிர்பார்ப்போடு இறுதிவரை வாழ்ந்தவர் சோஜர்னர் ட்ரூத் அம்மையார். அடிமையாகப் பிறந்தவர், எழுத்தறியாதவர், எனினும் அமெரிக்கக் கிறிஸ்தவ உலகுக்கே ஆசிரியையாக விளங்கியவர். அப்பெருமாட்டியின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

நிலவறையில் கற்ற முதற்பாடம்

அமெரிக்காவில் அடிமை முறை என்றவுடன் தென் மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களே நம் நினைவுக்கு வரும். ஆனால் வடக்கிலுள்ள நியூயார்க் மாநிலத்திலும் 1827ஆம் ஆண்டு வரை அடிமைகள் இருந்தனர். அம்மாநிலத்தின் அல்ஸ்டர் மாவட்டத்தில், ஹார்டன்பர்க் என்னும் டச்சு நிலக்கிழார் குடும்பத்திற்கு அடிமைகளாயிருந்த ஜேம்ஸ், எலிசபெத் ஆகியோருக்கு ஏறத்தாழ 1797ஆம் ஆண்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அடிமைக் குழந்தை பிறந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. இசபெல்லா என்று பெயர் மட்டும் இட்டனர்.

எஜமானின் மாளிகைக்கு அடியிலிருந்த நிலவறையே அடிமைகளின் உறைவிடம். தரையில் பரப்பிய பலகைகளுக்குக் கீழே சேறும் நீரும் தேங்கி நிற்கும். ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி அனைவரும் அங்கேயே உறங்க வேண்டும். எலிசபெத் பத்துக்கு மேற்பட்ட மக்களைப் பெற்றவர் என்பர். அவர்களுள் பெரும்பாலோர் ஒவ்வொருவராக விற்கப்பட்டனர். எஞ்சிய குழந்தைகளை மாலைப் பொழுதில் திறந்த வானத்தின் கீழ் அமர்த்தி, மேலே கடவுள் ஒருவர் இருக்கிறார் என்றும், அவர் எல்லாவற்றையும் பார்க்கிறார், கேட்கிறார் என்றும், துன்பம் வரும்போது அவரிடமே உதவி கேட்க வேண்டும் என்றும் அத்தாய் கற்பித்தார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் டச்சு மொழியில் சொல்லிக் கொடுத்தார். இசபெல்லா பெற்ற சமயக் கல்வி இவ்வளவுதான்.

1806ஆம் ஆண்டளவில், ஒன்பது வயதுச் சிறுமியான இசபெல்லா ஓர் ஆட்டு மந்தையுடன் சேர்த்து 100 டாலருக்கு ஏலத்தில் விற்கப்பட்டாள். வாங்கிய நீலி என்பவர் வீட்டில் ஆங்கிலமே பேசினர். அவளுக்கோ டச்சு மொழியன்றி வேறு மொழி தெரியாது. ஒன்றைக் கொண்டுவரச் சொன்னால் வேறொன்றைக் கொண்டு வருவாள், அடி விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுக்கோலால் அவளை இரத்தம் வழிய அடித்தனர். அத்தழும்புகள் வாழ்நாள் முழுவதும் மறையவில்லை. தாய் கற்பித்தபடி அவள் ஜெபித்தாள். தந்தை தன்னைக் காண வர வேண்டும், தனக்கு வேறிடம் கிடைக்க வேண்டும் என்று வேண்டினாள். தந்தை வந்தார், வேறிடமும் கிடைத்தது. பின்னர் 1810ஆம் ஆண்டில் நியூ பால்ட்ஸ் என்னும் ஊரிலிருந்த ஜான் டூமாண்ட் என்பவர் அவளை விலைக்கு வாங்கினார். பதினாறு ஆண்டுகள் அங்கேயே கழிந்தன.

எஜமானைக் கடவுளாக எண்ணிய காலம்

அந்நாளில் இசபெல்லாவின் நம்பிக்கை எத்தகையதாயிருந்தது என்பதைப் பிற்காலத்தில் அவரே ஒளிவு மறைவின்றிச் சொல்லியுள்ளார். அடிமை முறை முறையானது, நேர்மையானது என்றே அவர் நம்பினார். எஜமான் ஏறத்தாழக் கடவுளுக்கு ஒப்பானவர் என்றும், தம் உள்ளத்து எண்ணங்களும் அவருக்குத் தெரியும் என்றும் எண்ணினார். அவரை மகிழ்விக்க இரவும் பகலும் உழைத்தார். உடன் அடிமைகள் எள்ளி நகையாடியும் மாறவில்லை. தாம் பெற்ற ஐந்து குழந்தைகள் எஜமானின் உடைமையைப் பெருக்கின என்று பெருமைப்பட்ட காலமும் உண்டு. பின்னாளில் அதை நினைத்து அவர் நடுங்கினார். அடிமைத்தனம் மனிதனின் கைகளை மட்டும் கட்டுவதில்லை. கடவுளைப் பற்றிய கருத்தையும் சேர்த்தே கட்டிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கடவுளை அவர் வானத்தில் வீற்றிருக்கும் ஒரு பெரிய மனிதராகவே கருதினார். எஜமான் கணக்கேட்டில் எழுதுவதுபோல் கடவுளும் மனிதரின் செயல்களை ஒரு நூலில் எழுதி வைக்கிறார் என்று எண்ணினார். உரக்கச் சொன்னாலொழிய அவர் காதில் விழாது என்று கருதி, ஓடையின் நடுவிலிருந்த சிறு திட்டொன்றில் மரக்கிளைகளை வளைத்து ஒரு மறைவிடம் அமைத்தார். அங்கு சென்று தம் குறைகளையெல்லாம் உரத்த குரலில் முறையிடுவார். தமக்கு இதைச் செய்து தந்தால் நல்லவளாக நடப்பேன் என்று பேரமும் பேசுவார். குறைபாடுடைய நம்பிக்கைதான். ஆயினும் அந்தச் சிறு திட்டில்தான் அவர் எந்த எஜமானின் அனுமதியுமின்றித் தம் வாயைத் திறந்தார் என்பதை மறக்கலாகாது.

வைகறையில் திறந்த வழி

நியூயார்க் மாநிலச் சட்டம் 1827 ஜூலை 4ஆம் நாளில் எஞ்சிய அடிமைகளை விடுவிக்க இருந்தது. நன்கு உழைத்தால் ஓராண்டு முன்னதாகவே விடுவிப்பதாக டூமாண்ட் வாக்களித்திருந்தார். அந்நாள் வந்தபோது, கையில் ஏற்பட்ட காயத்தால் வேலை குறைந்துவிட்டது என்று காரணம் காட்டி வாக்கு மாறினார். எஜமானும் பொய் சொல்லக்கூடும் என்று இசபெல்லா கண்டுகொண்டது அன்றுதான். தம் கடன் குறையாதிருக்க ஏறத்தாழ நூறு பவுண்டு கம்பளி நூலை நூற்று முடித்தார். பிறகு எப்போது புறப்படுவது என்று சிந்தித்தார். இரவில் செல்ல அச்சம்; பகலில் சென்றால் பிடித்துவிடுவர். ஜெபத்தில் அவருக்கு விடை கிடைத்தது. 1826ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள் வைகறையில், ஒரு கையில் கைக்குழந்தை சோஃபியாவையும், மறு கையில் துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

வான் வாகனன் என்னும் தம்பதியர் அவருக்கு அடைக்கலம் தந்தனர். தேடி வந்த டூமாண்டுக்குத் தாய்க்காக 20 டாலரும் சேய்க்காக 5 டாலரும் கொடுத்து அனுப்பினர். தங்களை எஜமான் என்று அழைக்க வேண்டாம் என்றும், யாவருக்கும் எஜமான் ஒருவரே என்றும் கூறினர். அச்சொல் இசபெல்லாவின் உள்ளத்தில் விதையாக விழுந்தது.

1827ஆம் ஆண்டில் டச்சு மக்கள் கொண்டாடும் பெந்தெகொஸ்தே திருநாள் நெருங்கியது. அடிமைகளுக்கு ஓய்வும் கேளிக்கையும் கிடைக்கும் நாள்கள் அவை. பழைய நண்பர்களின் நினைவு வரவே, டூமாண்டின் வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று இசபெல்லா தயங்கினார். விடுதலை பெற்றவரையும் பழைய சிறை ஏக்கத்தோடு அழைப்பதுண்டு. அவ்வேளையில்தான் அவர் வாழ்வின் பெருந்திருப்பம் நேர்ந்தது. கடவுள் வானத்தில் மட்டுமல்ல, எங்கும் நிறைந்தவர் என்ற உணர்வு மின்னல்போல் அவரைத் தாக்கியது. தாம் பேசிய பேரங்களும் காப்பாற்றாத வாக்குறுதிகளும் நினைவுக்கு வர, அவர் அஞ்சி ஒடுங்கினார். தமக்கும் கடவுளுக்கும் இடையே நின்று பரிந்து பேச ஒருவர் இல்லையா என்று ஏங்கினார். அன்பே உருவான ஒருவர் அங்கே நிற்பதை உணர்ந்தார். அவரே இயேசு என்று அவர் உள்ளம் தெளிந்தது. அதுவரை இயேசுவை நாட்டுத் தலைவர்களைப் போன்ற ஒரு பெரிய மனிதர் என்ற அளவிலேயே கேள்விப்பட்டிருந்தார். போதகர் எவரும் அருகில் இல்லை. நூல் எதுவும் கையில் இல்லை.

புதிய நம்பிக்கை உடனே சோதனைக்குள்ளாயிற்று. அவருடைய மகன் பீட்டர், மாநிலச் சட்டத்திற்குப் புறம்பாகத் தெற்கேயுள்ள அலபாமாவுக்கு விற்கப்பட்டிருந்தான். பழைய எஜமானி ஏளனம் செய்தாள். இசபெல்லா கிங்ஸ்டன் நகரத்து நீதிமன்றத்திற்கு நடந்தே சென்றார். குவேக்கர் சபையினர் துணை நின்றனர். 1828ஆம் ஆண்டில் மகன் மீட்கப்பட்டான். அச்சத்தால் தாயையே தெரியாது என்று முதலில் அழுத அச்சிறுவனின் முதுகெங்கும் கசையடித் தழும்புகள் இருந்தன. கறுப்பினப் பெண் ஒருவர் வெள்ளையருக்கு எதிராக வழக்காடி வென்ற மிகத் தொடக்க கால நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. எஜமானைக் கடவுளாக எண்ணியவர், உண்மைக் கடவுளை உணர்ந்ததும் நீதிமன்றப் படியேறினார் என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

போலித் தீர்க்கரின் வீட்டில்

பின்னர் அவர் நியூயார்க் நகரம் சென்று வீட்டு வேலை செய்து பிழைத்தார். மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார். வெள்ளையர் ஆதிக்கத்திலிருந்த ஜான் தெரு ஆலயத்தில் நேர்ந்த இழிவைப் பொறாது வெளியேறிய கறுப்பினக் கிறிஸ்தவர்கள் 1796ஆம் ஆண்டிலேயே சீயோன் சபையை நிறுவியிருந்தனர். அச்சபையில் அவர் இணைந்தார். அங்குதான் விற்கப்பட்டுப் பிரிந்த உடன்பிறப்புகள் இருவரைக் கண்டார். நான்சி என்னும் மற்றொரு தமக்கை அண்மையில் இறந்துவிட்டார் என்பதையும் அறிந்தார். அப்பெண்மணியின் அருகில் தாம் அதே ஆலயத்தில் முழந்தாளிட்டு ஜெபித்ததுண்டு என்பது நினைவுக்கு வந்தபோது அவர் கதறி அழுதார்.

இங்கேதான் அவருடைய திறந்த உள்ளம் ஒரு பெரும் படுகுழியில் வீழ்ந்தது. 1832ஆம் ஆண்டில் ராபர்ட் மாத்தியூஸ் என்பவர் தம்மை மத்தியாஸ் என்னும் தீர்க்கதரிசியாக அறிவித்துக்கொண்டு வந்தார். நீண்ட தாடியும் விந்தையான உடையும் அணிந்து, கடவுளின் ஆவி தம்முள் இருப்பதாகச் சொன்னார். செல்வர்கள் சிலர் அவர் வயப்பட்டனர். இசபெல்லாவும் நம்பினார், தம் சேமிப்பையும் அவர்களுடைய பொதுப் பணத்தில் சேர்த்தார். அனைவரும் ஒரே குடும்பம் என்று பேசப்பட்ட அவ்வீட்டில் சமைத்ததும் துவைத்ததும் பெரும்பாலும் இசபெல்லாவே. பெண்கள் போதிப்பது பாவம் என்பது அந்தத் தீர்க்கரின் கொள்கைகளுள் ஒன்று. 1834ஆம் ஆண்டில் அக்குழுவைச் சேர்ந்த எலைஜா பியர்சன் என்னும் செல்வர் இறந்தார். மத்தியாஸ் மீது கொலை வழக்குத் தொடரப்பட்டது; 1835ஆம் ஆண்டில் அக்குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். குழுவிலிருந்த ஒரு தம்பதியர் இசபெல்லா தங்களுக்கு நஞ்சிட முயன்றதாகப் பழி சுமத்தினர். அவர் அஞ்சவில்லை. அவதூறு வழக்குத் தொடுத்து 125 டாலர் இழப்பீடு பெற்றார்.

இவ்விடத்தில் பலர் இருவகையில் தவறியிருப்பர். ஒரு சாரார் நம்பிக்கையையே கைவிட்டிருப்பர். மறு சாரார் இனி எந்தப் புதுமையும் வேண்டாம் என்று கதவை அடைத்திருப்பர். இசபெல்லா இரண்டையும் செய்யவில்லை. ஆண்டவர் புதிய வழியில் பேசக்கூடும் என்ற நம்பிக்கையை விடாமல் வைத்துக்கொண்டார். பேசுகிறவர் ஆண்டவர்தாமா என்று சோதித்தறியும் பழக்கத்தையும் அத்துடன் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் அவர் எந்தக் கூட்டத்தையும் தலைவரையும் கண்மூடிப் பின்பற்றியதில்லை.

புதிய பெயர், புதிய பாதை

1843 ஜூன் முதல் நாள், ஏறத்தாழ நாற்பத்தாறு வயதில், சில துணிகளையும் சிறிது காசையும் எடுத்துக்கொண்டு அவர் நியூயார்க் நகரை விட்டுக் கிழக்கு நோக்கி நடந்தார். அந்நகரம் ஏழையை ஏழை பிடுங்கித் தின்னச் செய்கிறது என்று அவர் மனம் வெதும்பியிருந்தார். அடிமைப் பெயரைத் துறந்து சோஜர்னர் ட்ரூத் என்று பெயர் பூண்டார். ஓரிடத்தில் நிலைகொள்ளாத வழிப்போக்கர் என்பது முதற்சொல்லின் பொருள். சத்தியம் என்பது அடுத்த சொல்லின் பொருள்.

அவ்வாண்டுகளில் வில்லியம் மில்லர் என்பவரின் போதனையால் உலக முடிவு வந்துவிட்டது என்று ஆயிரக்கணக்கானோர் கூடாரக் கூட்டங்களில் கூடி நடுங்கிக்கொண்டிருந்தனர். அம்மையார் அவர்களை இகழவில்லை. அவர்களோடு அமர்ந்து கேட்டார். கேட்ட பின், ஆண்டவர்மீது அன்புடையோர் அவர் வருகைக்கு இப்படிக் கதிகலங்குவானேன் என்று வினவி, அமைதியாயிருக்குமாறு அறிவுரை கூறினார். அவர்களுடைய ஆவலை மதித்தார், அச்சத்தை ஏற்கவில்லை. மத்தியாஸின் வீட்டில் கற்ற பாடம் வீண்போகவில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்தாம்ப்டன் கல்வி மற்றும் தொழிற் சங்கம் என்னும் கூட்டு வாழ்வுக் குழு 1842ஆம் ஆண்டில் தொடங்கியிருந்தது. பட்டு உற்பத்தி அதன் தொழில். இன, பால் வேறுபாடின்றி அனைவரும் சமம் என்பது அதன் கொள்கை. முதற் பார்வையில் அம்மையாருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. ஓர் இரவு தங்கிப் பார்ப்போம் என்று இருந்தவர், அங்குள்ளோரின் வாழ்க்கையைக் கண்டு கருத்தை மாற்றிக்கொண்டு தங்கினார். சலவைப் பணியை மேற்பார்வையிட்டார். இங்கும் சலவைதான், ஆயினும் இங்கு அவர் வாய் அடைக்கப்படவில்லை. வில்லியம் லாயிட் காரிசன், பிரடெரிக் டக்ளஸ் ஆகிய அடிமை ஒழிப்புத் தலைவர்களின் தொடர்பு இங்குதான் கிடைத்தது. அடிமை ஒழிப்பும் பெண்ணுரிமையும் தம் கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் புறம்பானவை அல்ல, அதன் கனிகளே என்று தெளிந்தார்.

அப்பகுதியில் 1844ஆம் ஆண்டில் நடந்த கூடாரக் கூட்டமொன்றில் முரட்டு இளைஞர்கள் புகுந்து கலகம் விளைத்தனர். அம்மையாரும் முதலில் அஞ்சி ஒரு பெட்டியின் பின்னே ஒளிந்துகொண்டார். பின்னர் தம் அச்சத்திற்காகத் தாமே நாணி, வெளியே சென்று, ஒரு மேட்டின்மீது நின்று, உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைப் பற்றித் தம் கணீரென்ற குரலில் பாடினார். தடியுடன் வந்தவர்கள் சூழ்ந்து நின்று கேட்டனர். மேலும் பாடச் சொல்லி, அமைதியாகக் கலைந்தனர்.

குழந்தைகள் வாசிக்கக் கேட்ட வேதம்

அம்மையாருக்குக் கடைசிவரை எழுதப் படிக்கத் தெரியாது. வேதாகமத்தைப் பிறர் வாசிக்கக் கேட்பார். பெரியவர்களை வாசிக்கச் சொன்னால் வசனத்தோடு தங்கள் விளக்கத்தையும் கலந்து சொல்வார்கள். குழந்தைகளோ, கேட்டபடி ஒரே வசனத்தைப் பலமுறை விளக்கமின்றி வாசிப்பார்கள். ஆகவே அவர் குழந்தைகளையே விரும்பி அழைத்தார். கேட்டதைத் தம் உள்ளத்தில் ஒலிக்கும் சாட்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சத்திய ஆவியானவர் அந்நூலில் பேசுகிறார். எனினும் எழுதிவைத்தோர் தங்கள் கருத்துகளையும் இடையிடையே கலந்துள்ளனர் என்பது அவர் கண்ட முடிவு. அடிமை முறைக்கே வசனம் காட்டிய போதகர்கள் நிறைந்த நாட்டில் இம்முடிவுக்கு வர எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

1850ஆம் ஆண்டில், ஆலிவ் கில்பர்ட் என்னும் பெண்மணி எழுத, அம்மையார் சொல்லிய வாழ்க்கை வரலாறு நூலாக வந்தது. அதனை விற்றே அவர் பிழைத்தார். 1851ஆம் ஆண்டு மே மாதம் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாடு கூடியது. அங்கு அவர் ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது. அவ்வுரைக்கு இரு வடிவங்கள் உள்ளன. ஒன்று அடுத்த மாதமே செய்தித்தாளில் வெளிவந்தது. மற்றொன்று பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, டச்சு மொழியில் வளர்ந்த அவர் பேசியிராத தென்னாட்டுக் கொச்சையில் எழுதப்பட்டது. முந்தியதே நம்பத்தக்கது என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் முடிவு. அதன்படி அவர் முன்வைத்த வாதம் எளியது: ஏவாள் உலகைக் கவிழ்த்தாள் என்றால், அதை நிமிர்த்தப் பெண்ணுக்கு வாய்ப்பளியுங்கள், இயேசு பெண்களைத் தம்மிடமிருந்து விரட்டியதில்லை, அவர் பிறந்ததும் கடவுளாலும் ஒரு பெண்ணாலுமே, ஆணுக்கு அதில் பங்கில்லை. பெண்ணை அடக்கக் காட்டப்பட்ட அதே வேதத்திலிருந்து பெண்ணின் விடுதலையை எடுத்துக் காட்டினார்.

இறுதிவரை முடியாத பயணம்

1857ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் பகுதியில் குடியேறினார். காரிசனைப் போலவே அவரும் வன்முறையை வெறுத்தவர். இரத்தம் சிந்தாமல் விடுதலை இல்லை என்று டக்ளஸ் மனம் நொந்து பேசியபோது, கடவுள் இறந்துவிட்டாரா என்று கேட்டு அவையையே நிமிரச் செய்தவர். ஆனால் 1861ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அடிமை விலங்கை ஒடிக்க அதுவும் ஒரு வழியாயிற்று என்று கண்டார். கறுப்பினப் போர்வீரர்களுக்கு உணவுப் பொருள் திரட்டினார். அவருடைய பேரன் 54ஆவது மாசசூசெட்ஸ் படையில் சேர்ந்தான். 1864 அக்டோபரில் தலைவர் லிங்கனைச் சந்தித்தார். வாஷிங்டனில் விடுதலையானோர் முகாம்களில் தூய்மையும் தொழிலும் கற்பித்தார். 1865ஆம் ஆண்டில் அந்நகரத்து டிராம் வண்டியில் கறுப்பினத்தவர் ஏறத் தடை செய்த நடத்துநர் தள்ளியதால் தோள் புண்பட்டது. வழக்குத் தொடுத்தார், நடத்துநர் வேலை இழந்தார், வண்டிகளில் கறுப்பு முகங்கள் பெருகின.

விடுதலை பெற்றோர் கையேந்தி வாழலாகாது, சொந்த நிலத்தில் உழைத்து வாழ வேண்டும் என்பது அவருடைய கடைசிப் பெருங்கனவு. மேற்குப் பகுதியில் அவர்களுக்கு நிலம் ஒதுக்குமாறு 1870ஆம் ஆண்டு முதல் மனுவேந்தி ஊர் ஊராகச் சென்று கையொப்பம் திரட்டினார். காங்கிரஸ் செவிசாய்க்கவில்லை. 1872ஆம் ஆண்டில் வாக்களிக்கச் சென்று திருப்பி அனுப்பப்பட்டார். ஆயினும் 1879ஆம் ஆண்டில் தென்னாட்டுக் கறுப்பின மக்கள் தாங்களாகவே திரள் திரளாகக் கான்சாஸுக்குக் குடிபெயர்ந்தபோது, எண்பதை எட்டிய முதுமையிலும் அங்கு சென்று அவர்களை வாழ்த்தினார். 1883 நவம்பர் 26ஆம் நாள் பேட்டில் கிரீக்கில் அவர் மறைந்தார். 1997ஆம் ஆண்டில் செவ்வாய்க் கோளில் ஊர்ந்த ஆய்வு வண்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2009ஆம் ஆண்டில் அவருடைய மார்பளவுச் சிலை அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

இளைஞர்களே! நிலவறையில் கேட்ட கடவுளோடு இசபெல்லா நின்றுவிட்டிருந்தால், எஜமானின் காலடியிலேயே அவர் வாழ்வு முடிந்திருக்கும். மத்தியாஸ் சொன்ன கடவுளோடு நின்றிருந்தால், போலி ஒருவரின் அடுக்களையில் முடிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் புதிய ஒளிக்கு அவர் கதவைத் திறந்தார். திறந்த பின் அவ்வொளியைச் சோதித்தும் பார்த்தார். அவர் வாழ்வைத் தொகுத்து நோக்கினால் அச்சோதனை இன்னதென்று விளங்கும். இந்தப் போதனை அச்சத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? உழைக்கிறவரை நிமிரச் செய்கிறதா, மேலும் குனியச் செய்கிறதா? பேசாதிருந்த வாயைத் திறக்கிறதா, பேசும் வாயை அடைக்கிறதா? இவ்வினாக்களுக்கு நேரிய விடை தரும் எதுவும் எத்துணைப் புதிதாயினும் அவருக்கு ஆண்டவரின் குரலே. விடை தராதது எத்துணைப் பழைமையுடையதாயினும் மனிதரின் குரலே.

எழுத்தறியாத அம்மையார் குழந்தைகளின் வாசிப்பைக் கேட்டுச் சிந்தித்து இவ்வளவு உயர்ந்தார். நமக்கோ எழுத்து கைவந்திருக்கிறது. நாமே வாசிப்போம், நம் வீட்டில் வாசிக்கத் தெரியாத முதியோருக்கும் வாசித்துக் காட்டுவோம். நம் விளக்கத்தைக் கலவாமல் வாசித்து, அவர்கள் உள்ளம் சொல்வதையும் கேட்போம். சத்தியத்தின் வழிப்போக்கருக்கு நாம் செய்யத்தக்க வணக்கம் அதுவேயாகும்.